மின்சார சைக்கிளில் ராமேஸ்வரம் தீவு: கோயில் வீதி முதல் அரிச்சல்முனை வரை முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரத்திற்கு வருபவர்களில் பெரும்பாலோர் அதிகாலையில் அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் தீர்த்தமாடி, தரிசனம் முடித்த கையோடு வேன் ஏறித் தனுஷ்கோடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இந்தத் தீவை நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கு, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் சிறு குழுவாக மின்சார சைக்கிளில் செல்வதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை என்பது, இங்கே குழுக்களை அழைத்துச் சென்று வருபவன் என்ற முறையில் என் உறுதியான எண்ணம். மோட்டார் ஓசையின்றிச் செல்வதால் அலையோசையும் பறவைகளின் குரலும் காதில் விழும். விரும்பிய இடத்தில் காலூன்றி நிற்கலாம். வயதானவர்களும் மூச்சு வாங்காமல் உடன் வரலாம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். இந்தத் தீவில் மேடு பள்ளம் பெரிதாக இல்லை; மலைப்பாதை செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது. பேட்டரி எவ்வளவு தூரம் வரும், எப்போது புறப்பட வேண்டும், எங்கிருந்து திரும்ப வேண்டும் ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது கிலோமீட்டர் கணக்கு அன்று, காற்றின் கணக்குத்தான். பின்வரும் படிகள் அனைத்தும் அந்தக் கணக்கை ஒட்டியே அமைந்துள்ளன.

முதல் படி: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே மிகவும் ஏற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வாடைக் காற்று மெல்லத் தணிந்துவரும் அந்த மாதங்களில்தான் தனுஷ்கோடிச் சதுப்புகளில் பூநாரைகளையும் பார்க்க முடியும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை; காலை ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவதாக இருந்தால் மட்டும் செல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் காட்சி அப்போது மட்டுமே கிடைக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும் காற்று மிக வலியது. கடலோர மக்கள் கச்சான் என்று அழைக்கும் மேல்காற்று, மணலை அள்ளிவந்து தார்ச்சாலையின் மேல் படலமாகப் பரப்பிவிடும். சைக்கிள் பழக்கம் குறைந்தவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கைகளைப் பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாள்களிலும் அவற்றுக்கு முந்தைய நாள்களிலும் ஊர் முழுவதும் பக்தர்களால் நிறைந்திருக்கும். அந்நாள்களில் சைக்கிள் பயணம் வைத்துக்கொள்வது மற்றவர்களுக்கும் இடையூறு.

இரண்டாம் படி: சைக்கிளும் பேட்டரியும்

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் அடங்கிய மின்சார சைக்கிளுக்கு, இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி பதிவெண்ணோ ஓட்டுநர் உரிமமோ தேவையில்லை. அதற்கு மேற்பட்ட திறன் கொண்டவை பதிவு செய்யப்பட வேண்டியவை. அவற்றை ஓட்ட உரிமமும் வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உரிமம் தேவையில்லாத வகையாக இருந்தாலும் தலைக்கவசம் அணிய வேண்டும். தீவின் முதன்மைச் சாலை தேசிய நெடுஞ்சாலை என்பதையும் அதில் பேருந்துகளும் மீன் ஏற்றிய லாரிகளும் வேகமாக வருவதையும் மறக்கலாகாது. வெளியூரிலிருந்து சொந்த சைக்கிளைக் கொண்டுவர எண்ணுவோர் சாலை வழியாகவே கொண்டுவர வேண்டும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற அனுமதி கிடையாது, மின்சார சைக்கிளின் பேட்டரி ஏறக்குறைய எப்போதும் அந்த வரம்பைத் தாண்டியதே.

பேட்டரியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றிருந்தால், இரண்டையும் பெருக்க 360 வாட்-மணி கிடைக்கும். நாமும் மிதித்து, மோட்டாரின் உதவியை நடுத்தர அளவில் வைத்துக்கொண்டால், சமதளத்தில் காற்றில்லாத வேளையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும். மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகிச் சென்றால் அது 15 வரை போகும். ஆக, அதே பேட்டரி ஒருவருக்கு 36 கிலோமீட்டரும் இன்னொருவருக்கு 24 கிலோமீட்டரும் வரும். ராமேஸ்வரம் கோயிலிலிருந்து, தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள அரிச்சல்முனைக்குப் போகும் தூரமே 20 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், போய்வர 45 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எனவே 10 ஆம்பியர்-மணி பேட்டரி தனுஷ்கோடிப் பயணத்திற்குப் போதாது. 14 ஆம்பியர்-மணிக்குக் குறையாத பேட்டரி, அல்லது மாற்றுப் பேட்டரிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் ஆட்டோ, இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இந்தக் கணக்கும் காற்றில்லாத வேளைக்கு உரியது. காற்றின் தடை, அதை நாம் எதிர்கொள்ளும் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு எதிரே அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவர் எதிர்கொள்வது 40 கிலோமீட்டர் காற்று. தடை இரண்டு மடங்காக அன்றி நான்கு மடங்காகும். அவர் தன் வேகத்தை 12 ஆகக் குறைத்துக்கொண்டால், எதிர்கொள்ளும் வேகம் 32 ஆகி, தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எதிர்க்காற்றில் மோட்டாரின் உதவியைக் கூட்டுவதைக் காட்டிலும் வேகத்தைக் குறைப்பதே பேட்டரியைக் காப்பாற்றும் என்பதைக் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் புறப்படும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் படி: வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

வழிகாட்டி கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் மிகவும் நல்லது. தலபுராணத்தையும் தனுஷ்கோடியை அழித்த 1964 புயலையும் பற்றிப் பேசப் பலருக்கும் தெரியும். கீழ்வானத்தில் மேகம் கட்டியிருப்பதைப் பார்த்து, இன்னும் அரை மணி நேரத்தில் காற்று திரும்பும் என்று சொல்லக்கூடியவர் கடலை அறிந்தவர் மட்டுமே. அவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒருவருக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன ஏற்பாடு? குழுவின் கடைசியில் யார் வருவார்? எந்த இடத்தில் எந்த நிலைமையில் திரும்பிவிடுவீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்பவரை நம்பிப் பணத்தைக் கொடுக்கலாம். ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். முன்னே ஒருவரும் கடைசியில் ஒருவரும் ஊர்க்காரர்களாக இருக்க, மற்றவர்கள் இடையில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதே முறை.

நான்காம் படி: பழகிப் பார்த்தல்

முந்தின நாள் மாலை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மின்சார சைக்கிள் சாதாரண சைக்கிளைவிட மிகவும் கனமானது. அதனால் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும், திருப்பத்தில் எளிதில் சாயும். மிதியை அழுத்தியவுடன் மோட்டார் உந்தும் அந்தத் தருணம் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும் என்பதால், குறைந்த உதவி நிலையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். பிரேக்கை முழுவதும் பிடித்தால் மோட்டார் நின்றுவிடுகிறதா என்று சோதியுங்கள். சாலையில் மணல் படிந்த இடம் வந்தால் அதன் மேல் பிரேக் பிடிக்கவோ ஹேண்டிலைத் திருப்பவோ கூடாது. அதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும். வேட்டி, சேலை, துப்பட்டா அணிந்து வருவோர் முனைகளை இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். பக்கக் காற்றில் அவை சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்குவதே இங்கு அதிகம் நேரும் விபத்து.

ஐந்தாம் படி: முதல் நாள், ஊரும் வடகரையும்

விடியும் முன்னரே அக்னி தீர்த்தக் கரைக்கு வந்துவிடுங்கள். சூரியோதயம் பார்த்த பின், சைக்கிள்களைத் தங்கும் விடுதியிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்து செல்லுங்கள். ரத வீதிகளில் சைக்கிளுக்கும் இடம் போதாது. கோயிலுக்குள் அலைபேசிக்கு அனுமதி இல்லை. 22 தீர்த்தங்களில் நீராடுவோர் அதை முடித்து, உலர்ந்த ஆடை மாற்றி, பிறகு தரிசனத்திற்குச் செல்ல வேண்டும். சேதுபதி மன்னர்களின் காலத்தில் எழுந்த மூன்றாம் பிராகாரத்தை அவசரமின்றி ஒரு முறையேனும் முழுமையாக வலம் வாருங்கள். 1212 தூண்கள் என்று எண்ணிக்கை சொல்வார்கள். ஆனால் ஒரு மூலையில் நின்று எதிர் மூலையை நோக்கும்போதுதான் அந்த நீளம் மனத்தில் பதியும்.

மாலை நான்கு மணிக்குப் பிறகு சைக்கிளை எடுங்கள். பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வாழ்ந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு, வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கெந்தமாதன பர்வதத்திற்குச் செல்லலாம். தீவின் மிக உயர்ந்த இடமான அந்த மணல்மேட்டில் ராமர் பாதம் உள்ளது. மேல்தளத்தில் நின்றால் கோயில் கோபுரங்களும், 323 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரமும், சுற்றிலும் கடலும் தெரியும். சிறிய ஏற்றம்தான் என்றாலும், மோட்டார் எப்படி உதவுகிறது என்பதைக் கற்றுக்கொள்ளத் தீவில் இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆறாம் படி: இரண்டாம் நாள், பாம்பன் பக்கம்

ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் ஏறத்தாழ நேர் மேற்கே, சுமார் 12 கிலோமீட்டர். கச்சான் காலத்தில் போகும்போது எதிர்க்காற்றும் வரும்போது பின்காற்றும் இருக்கும். அது நன்மையே, ஏனெனில் பேட்டரி நிறைந்திருக்கும்போதே கடினமான பாதி முடிந்துவிடும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும் என்பதால், பாம்பனை அடையும்போது பாதிக்கு மேல் மின்சாரம் மிச்சமிருக்க வேண்டும்.

வழியில் பேக்கரும்பில் கலாம் நினைவிடம் உள்ளது. 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்த அவர், 2015-இல் மறைந்தபோது இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2017 ஜூலை 27 அன்று நினைவிடம் திறக்கப்பட்டது. அடுத்து வரும் தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பெயர் பெற்ற ஊர். தென்னந்தோப்புகளின் நிழலில் மணற்பாத்திகளில் நெருக்கமாக ஊன்றி வளர்க்கப்படும் அந்த நாற்றுகள் பல மாவட்டங்களுக்குப் போகின்றன. அங்கிருந்து வடகரைக்குத் திரும்பினால் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் நீளும் நடைபாலத்தின் முனையில் உள்ள கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

பாம்பனில் சைக்கிள்களைக் கரையிலேயே நிறுத்திவிட்டுச் சாலைப் பாலத்தின் மேல் நடந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். பேருந்து கடக்கும்போது அதன் மறைவில் ஒரு கணம் காற்று நின்று, உடனே மீண்டும் அறையும். அந்த ஒரு கணத்தில் பழகியவர்களும் நிலை தடுமாறுவார்கள். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள் என்றால், சைக்கிள் எம்மாத்திரம்? கப்பல்களுக்கு வழிவிட இரு கைகளாகப் பிரிந்து மேலெழும் பழைய பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுழற்றித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் மின்தூக்கி போலச் செங்குத்தாக மேலே ஏறுகிறது. நேரம் இருந்தால் பாம்பனுக்குத் தெற்கே குந்துகால் வரை சென்று வாருங்கள். 1897 ஜனவரி 26 அன்று சுவாமி விவேகானந்தர் கரையிறங்கி, பாஸ்கர சேதுபதி மன்னரால் வரவேற்கப்பட்ட இடம் அது.

ஏழாம் படி: மூன்றாம் நாள், தனுஷ்கோடியும் அரிச்சல்முனையும்

இந்த நாளுக்காகவே மற்ற இரண்டு நாள்களும் என்று சொல்லத் தோன்றுகிறது. முந்தின இரவே பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பொழுது புலரும்போது புறப்பட வேண்டும். காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும்.

சாலை முதலில் தெற்கு நோக்கியும் பிறகு தென்கிழக்கு நோக்கியும் செல்கிறது. ஜடா தீர்த்தம் கடந்து, சவுக்குத் தோப்புகளுக்கு இடையே செல்லும்போது காற்றே இல்லாதது போல் இருக்கும். அதை நம்பி வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். தோப்பு முடிந்து வெளி திறந்தவுடன் பக்கவாட்டிலிருந்து காற்று தாக்கும். அப்போது ஹேண்டிலை இறுகப் பற்றாமல், முழங்கைகளைச் சற்றே மடக்கி, உடலைக் காற்று வரும் பக்கம் சிறிது சாய்த்துக்கொள்ளுங்கள். முன்னால் செல்பவருக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது நான்கு சைக்கிள் நீளம் இடைவெளி இருக்கட்டும். மேல்காற்றானாலும் வாடையானாலும் சாலையின் போக்கு காரணமாகப் பெரும்பாலும் திரும்பும் வழியே கடினமாக அமைகிறது. ஆகவே அரிச்சல்முனையை அடைவதற்குள் பேட்டரியில் 40 சதவீதத்திற்கு மேல் செலவாகிவிட்டால், எங்கிருந்தாலும் அங்கேயே திரும்பிவிட வேண்டும். முனை கண்ணுக்குத் தெரிந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காத வழிகாட்டியே நல்ல வழிகாட்டி.

முதல் நிறுத்தம் கோதண்டராமர் கோயில். விபீஷணன் அடைக்கலம் புகுந்து பட்டாபிஷேகம் பெற்ற இடமாகப் போற்றப்படும் இக்கோயில், 1964 புயலிலும் அழியாமல் நின்றது. முதன்மைச் சாலையிலிருந்து கோயிலுக்குப் பிரியும் பாதையின் இருபுறமும் ஆழமற்ற உப்பு நீர்ப்பரப்பு. பூநாரைகள் வரும் பருவத்தில் இங்கே சைக்கிளை விட்டு இறங்கி, குரல் எழுப்பாமல் நில்லுங்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் செலுத்தி, பக்கவாட்டில் அலசியபடி அவை நடப்பதை இருநோக்கியில் தெளிவாகக் காணலாம். தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025-இல் அறிவித்துள்ளது. படம் எடுப்பதற்காகச் சேற்றில் இறங்கி நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடும். வெகுதூரம் கடந்து வந்து இரை தேடும் பறவைகளுக்கு அது பெருந்துன்பம்.

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் நிலம் குறுகிக்கொண்டே போகும். வலப்புறம் மன்னார் வளைகுடா, இடப்புறம் பாக் நீரிணை. கொந்தளிக்கும் தென்கடலை ஆண் கடல் என்றும் அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். காற்று திசை மாறும் பருவத்தில் இரண்டின் குணமும் இடம் மாறுவதை நேரில் பார்க்கலாம்.

பழைய தனுஷ்கோடியில் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சாலையிலிருந்து இடிபாடுகளுக்கு மணலில்தான் செல்ல வேண்டும். சைக்கிளை மணலில் ஓட்டவே கூடாது. முன்சக்கரம் புதைந்து ஆள் விழுவது ஒருபுறமிருக்க, புதைந்த சக்கரத்தைச் சுழற்ற முயலும் மோட்டார் சூடேறிப் பழுதாகும். கடைகளின் பக்கத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்து செல்லுங்கள். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் ஊரை எட்டும் முன்னரே கடலில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் வந்தவர்கள் அனைவரும் மாண்டனர். தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட ஒரு துறைமுக நகரம் அந்த ஓர் இரவில் முடிந்துபோனது. இன்று எஞ்சியிருப்பவை ரயில் நிலையத்தின் தூண்கள், தண்ணீர்த் தொட்டி, கூரையிழந்த தேவாலயம் போன்ற சிலவே. தேவாலயச் சுவரின் அருகே சென்று பாருங்கள்: காரை உதிர்ந்த இடங்களில் பவளப்பாறைக் கற்கள் வெளித்தெரியும், அவற்றின் மேல் நட்சத்திர வடிவிலும் தேன்கூட்டு வடிவிலும் நுண்ணிய குழிகள் வரிவரியாக அமைந்திருக்கும். கைபட்டாலே உதிரும் நிலையில் இருப்பதால் சுவர்களின் மேல் ஏறுவதோ கற்களைப் பெயர்ப்பதோ கூடாது. பவளப்பாறைகளை எடுப்பதும் வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

வழிகாட்டியிடம் கேட்டு, இங்கே வாழும் மீனவக் குடும்பங்களின் ஊற்று ஒன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடலிலிருந்து சிறிது தூரத்தில், மணலைச் சில அடி தோண்டி உண்டாக்கிய குழி அது. பெண்கள் குனிந்து, அடிமணல் கலங்காதபடி கிண்ணத்தால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குடம் நிறைந்த பிறகு சற்றுக் காத்திருந்தால், குழியின் பக்கங்களிலிருந்து தெளிந்த நீர் மீண்டும் கசிந்து சேரும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் படலமாக மிதப்பதால் கிடைக்கும் நல்ல தண்ணீர் இது. அவர்கள் குடிக்கும் நீர் என்பதால் கை, கால் கழுவ அதைக் கேட்காதீர்கள். காலை வேளையில் கரைவலை இழுக்கிறார்கள் என்றால் நின்று பாருங்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். பொரித்த மீனும் சோறும் கிடைக்கும் கடைகளில் உண்பது அந்தக் குடும்பங்களுக்கு நேரடியாக உதவும்.

அங்கிருந்து அரிச்சல்முனைக்கு இருபுறமும் கடலை ஒட்டிய நேர்ச்சாலை, 2017-இல் திறக்கப்பட்டது. முடிவில் அசோகச் சின்னம் தாங்கிய தூணைச் சுற்றி வாகனங்கள் திரும்பும். அதற்கப்பால் மணல் முனை, அதற்கும் அப்பால் இலங்கை நோக்கிச் செல்லும் மணல் தீடைகள். இரு கடல்களும் கூடும் இடத்தில் நீரோட்டம் மிக வலியது. கால் நனைக்கலாம், குளிக்க இறங்கக் கூடாது. அலைபேசி இலங்கைக் கோபுரங்களின் அலைவரிசையைப் பிடிப்பதுண்டு என்பதால் ரோமிங்கை அணைத்து வையுங்கள். வழியில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று நம்பி வரக்கூடாது. மாலையானதும் காவல்துறையினர் அனைவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சைக்கிளில் வருவோர் அதற்கு வெகு முன்னதாக, காலை பத்து மணிக்குள் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். திரும்பும்போது வேகம் 12 முதல் 15-க்குள் இருக்கட்டும். களைத்தவர் இருந்தால் அவரைக் குழுவின் நடுவில், காற்று குறைவாகப் படும் இடத்தில் வரச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: திரும்பிய பிறகு

விடுதிக்கு வந்தவுடன் சார்ஜரைச் செருகிவிடாதீர்கள். வெயிலில் சூடான லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். கழற்றி நிழலில் ஒரு மணி நேரம் வைத்து, தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பின் இணையுங்கள். கட்டிலின் அருகிலோ வெளியேறும் வாசலை மறித்தோ சார்ஜ் போட வேண்டாம். உப்புக் காற்று படிந்த சைக்கிளை அன்றே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். குழாயால் பீய்ச்சி அடித்தால் மோட்டார் அச்சுக்குள்ளும் இணைப்புகளுக்குள்ளும் நீர் புகும். சங்கிலியில் ஒட்டிய மணலை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு எண்ணெய் இடுங்கள்; மணலோடு எண்ணெய் சேர்ந்தால் பற்கள் தேய்ந்துவிடும். வாடகை சைக்கிளாக இருந்தாலும் இந்த வேலையை உரிமையாளரோடு சேர்ந்து செய்து, பிரேக்கிலோ பேட்டரியிலோ நீங்கள் கண்ட குறையை அடுத்து எடுப்பவருக்காகத் தவறாமல் சொல்லிவிட்டு ஒப்படையுங்கள்.